மேடையில் மட்டும் உறவு

"டேய், 'பேசுறோம்'னு சொல்லாத. 'கதைக்கிறம்'னு சொல்லு. அப்பத்தான் எடுப்பா இருக்கும்."

கருத்தரங்கக் கூடத்து மேடையில் நின்றுகொண்டு சுரேந்தர் பாடம் நடத்திக்கொண்டிருந்தான். எதிரே மைக்கைப் பிடித்தபடி நிரோஷன். இருவரும் ஒரே வகுப்பு, வரலாறு மூன்றாம் ஆண்டு. முந்தின நாள் ஞாயிறு. அப்பாவோடு யார் வீட்டுக்கோ பெயிண்ட் அடிக்கப் போயிருந்தான் நிரோஷன். நகக்கண்களில் இளம்பச்சை இன்னும் போகவில்லை.

"எனக்கு அப்படிப் பேச வராதுடா. வீட்ல அம்மா பேசுவாக. நான் பேசுனா அவுகளக் கேலி பண்ற மாதிரி இருக்கும்."

"நீ சிலோன்காரன்தானடா? சிலோன்காரனுக்குச் சிலோன் தமிழ் வரலைன்னா எவன் நம்புவான்?"

"நான் கம்பம் கவர்மென்ட் ஆஸ்பத்திரியில பொறந்தவன்டா."

"அத மேடையில சொல்லித் தொலச்சிராத."

நான் வாசலில் டீ டம்ளரோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கூடத்துக்குள் புதிதாக அச்சடித்து வந்த ஃபிளெக்ஸின் மருந்து நெடி. வெளியே ஆடிக் காற்று குமுளிப் பக்கமிருந்து சாரலை வாரிக்கொண்டு வந்து ஜன்னல் கதவுகளை அடித்துக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை ஈழத் தமிழர்களுக்காக மாணவர்கள் நடத்தவிருந்த நினைவு நாளுக்கு ஒத்திகை. தொப்புள்கொடி உறவுகளே என்று ஃபிளெக்ஸில் ஆளுயர எழுத்து. உறவுக்கு அழுகை ஒத்திகை பார்க்கும் கூட்டத்தை நான் வாழ்க்கையில் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன்.

இது நடந்து சில வருடங்கள் ஆகின்றன. தேனிக்குப் பக்கத்தில் இருந்த அந்தக் கல்லூரியின் பெயர் வேண்டாம். அங்கே நான் வரலாற்றுத் துறையில் கௌரவ விரிவுரையாளர். பெயரில் மட்டும் கௌரவத்தை வைத்துவிட்டு மற்ற எல்லாவற்றிலும் எடுத்துக்கொண்ட வேலை அது. நிரந்தரப் பேராசிரியர்கள் உட்காரும் நாற்காலியில் தப்பித் தவறி உட்கார்ந்தால் பியூன் வந்து எழுப்புவார். அதைப் பற்றி இந்தப் பத்தியில் முன்பே இரண்டு வாரம் எழுதித் தீர்த்துவிட்டேன். இந்த வாரம் நிரோஷன்.

முகாம்காரன்

நிரோஷனின் வீடு இலங்கைத் தமிழர் முகாமில் இருந்தது. நெடுஞ்சாலையிலிருந்து தென்னந்தோப்பு வழியாக உள்ளே போனால் வரிசை வரிசையாக ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட வீடுகள். வரிசைக்கு ஒரு தண்ணீர்க் குழாய். அரசாங்கம் பெயரை மாற்றி, மறுவாழ்வு முகாம் என்று பலகை வைத்துவிட்டது. பஸ் கண்டக்டர்களுக்கு மட்டும் அந்தப் பலகை கண்ணில் படவில்லை. "அகதி முகாம் இருந்தா எறங்கு" என்றுதான் குரல் கொடுப்பார்கள். நிரோஷன் இறங்குவான்.

அவன் அம்மா சிறுமியாக இருந்தபோது மன்னார்ப் பக்கமிருந்து படகில் வந்தவர். அப்பாவும் அப்படித்தான். இருவரும் முகாமில் வளர்ந்து, முகாமில் கல்யாணம் செய்து, முகாமில் பிள்ளை பெற்றவர்கள். நிரோஷனுக்கு இலங்கை என்பது அம்மா சமைக்கும் சொதியும், சுவரில் தொங்கும் ஒரு பழைய போட்டோவும்தான். அவன் பேச்சு, நடை, பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு சால்னாவை ஊற்றிப் பிசையும் விதம் எல்லாவற்றிலும் சுத்தமான கம்பத்துக்காரன்.

மாதத்தில் சில நாட்கள் முகாமில் தணிக்கை இருக்கும். அதிகாரி வந்து பெயர் வாசிப்பார். குடும்பத்தில் எல்லோரும் நேரில் வந்து நிற்க வேண்டும். பரீட்சை, காய்ச்சல் என்று எந்தச் சமாதானமும் எளிதில் செல்லாது. அந்த நாட்களில் நிரோஷன் வகுப்புக்கு வர முடியாது.

வகுப்பில் அதற்கு ஒரு பெயர் வைத்திருந்தார்கள். அகதி லீவு.

"மேடம், எங்களையும் முகாம்ல சேத்து விடுங்க. மாசாமாசம் லீவு கெடைக்கும்" என்பான் சுரேந்தர். வகுப்பு சிரிக்கும். மறுநாள் வந்ததும் நிரோஷனிடமே அதைச் சொல்லி இன்னொரு முறை சிரிப்பார்கள். அவனும் சேர்ந்து சிரிப்பான். அவன் சிரிப்பதுதான் எனக்குத் தாங்காது.

இத்தனைக்கும் அந்த வகுப்பே அவன் கையில்தான் பிழைத்தது. வரலாற்றுப் பாடத்துக்கு வரைபடம் வரைந்து ஒப்படைக்க வேண்டும். பென்சிலை எடுத்தால் ஒரே இழுப்பில் கடற்கரை முழுவதும் வந்துவிடும் அவனுக்கு. பையன்கள் சாப்பாட்டு வேளையில் அவன் முன்னால் தாளை நீட்டிக்கொண்டு நிற்பார்கள். வரைந்து முடிக்கும்வரை "மச்சான்". தாள் கைக்கு வந்ததும் "சிலோனு".

ஒருமுறை சமூகவியல் துறையிலிருந்து ஆராய்ச்சி மாணவர் ஒருவர் வந்தார். வெளியூரிலிருந்து வந்து குடியேறியவர்களைப் பற்றிக் கல்லூரி மாணவர்களின் மனப்பான்மை என்னவென்று கண்டறிகிறாராம். கேள்வித்தாள் கொடுத்தார். அவர்களை அண்டை வீட்டாராக ஏற்பீர்களா, நண்பராக ஏற்பீர்களா, தலைமைப் பொறுப்பில் ஏற்பீர்களா. எங்கள் பிள்ளைகள் முழு மனதோடு ஏற்கிறேன் என்ற கட்டத்தில் டிக் அடித்துத் தள்ளினார்கள். ஒருத்தர் பாக்கியில்லை. ஏற்பதற்கு முன் கொஞ்சம் யோசித்தவர்கூடக் கிடையாது.

நிரோஷன் மட்டும் தாளை வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தான்.

"மேடம், இத நான் எழுதணுமா? இல்ல, என்னப் பத்தி இவுக எழுதுறாகளா?"

ஆராய்ச்சி மாணவர் அதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டு சிரித்தார்.

டிக் அடித்துக் கொடுத்த கையோடு எங்கள் ஏற்பாளர்கள் கல்லூரி வாசலுக்குப் போனார்கள். அங்கே பானிபூரி வண்டி வைத்திருந்த பீகார்ப் பையனிடம் அரைகுறை இந்தியில் அவன் வீட்டுப் பெண்களைப் பற்றி ஏதோ கேட்டுவிட்டு, அவன் விழிப்பதைப் பார்த்துத் தோளில் தட்டிக்கொண்டார்கள். பூரி மட்டும் காரம் தூக்கலாகக் கேட்டு வாங்கித் தின்றார்கள்.

வந்தவக போக மாட்டாக

பிள்ளைகளை மட்டும் திட்டினால் நான் நியாயமானவள் இல்லை. இது தாய்ப்பாலோடு வருகிறது.

எங்கள் பள்ளத்தாக்கில் பாதி வீடுகளின் அடுப்பு எரிவதே மலைக்கு மேலே இருக்கும் ஏலத்தோட்டங்களால். விடிவதற்கு முன்னால் ஜீப்புகள் வரும். பெண்கள் தூக்குச்சட்டியோடு நெருக்கியடித்து ஏறி, கேரளத்துக்குப் போய் காய் பறித்துவிட்டு, பொழுது சாயும்போது இறங்குவார்கள். அங்கேயே தங்கிவிட்டவர்களும் உண்டு. மலை மேலே நம் எல்லோருக்கும் ஒரே பெயர்தான். பாண்டி. அதைச் சொல்லும்போது மலையாளிகள் உதட்டை ஒரு சுளி சுளிப்பார்கள். அந்தச் சுளிப்பு தெரியாத குடும்பம் கம்பத்தில் கிடையாது.

அணைத் தகராறு முற்றிய ஒரு வருடம், மேலே அடிதடி என்று செய்தி வந்தது. தோட்டங்களில் தங்கியிருந்த நம் ஜனங்கள் பயந்துபோய்க் காட்டுப் பாதை வழியாகக் கீழே இறங்கினார்கள். தலையில் பாத்திர மூட்டை, இடுப்பில் குழந்தை. ஒரு அம்மாள் கோழிக்கூட்டைச் சேலையில் சுற்றித் தூக்கி வந்தது இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. மழையில் நனைந்து கோழிகள் சத்தமே இல்லாமல் உட்கார்ந்திருந்தன.

எங்களுடையது கிறிஸ்தவ ஊர். சாமியார் கோயில் மண்டபத்தைத் திறந்துவிட்டார். இடம் போதவில்லை. எங்கள் பெரியப்பாவுக்குத் தெருக்கோடியில் காலி வீடு ஒன்று இருந்தது. நாலு குடும்பம் தாராளமாகப் படுக்கலாம். கேட்டுப் போனவர்களிடம், கூரை ஒழுகுகிறது என்றார். பிறகு உள்ளே வந்து பெரியம்மாவிடம் சொன்னார்.

"வந்தவக போக மாட்டாக. அங்கன குந்திக்கிட்டாகன்னா நாம கோர்ட்டுக்குல்ல அலையணும்."

வந்தவர்களில் பெரியம்மாவின் சொந்தத் தங்கை குடும்பமும் இருந்தது.

அந்த ஞாயிறு பூசையில் சாமியார் அடைக்கலம் தேடி வருகிறவர்களைப் பற்றி உருக்கமாகப் பிரசங்கம் வைத்தார். பெரியப்பா முன் வரிசையில் உட்கார்ந்து துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார். காலி வீட்டுச் சாவி அவர் இடுப்பில் தொங்கிக்கொண்டிருந்தது.

ஆகவே, அழுகையைப் பார்த்து நான் ஏமாறுவதில்லை.

மன்றத் தேர்தல்

ஒத்திகை நடந்த அந்த வருடம் வரலாற்று மன்றச் செயலாளர் பதவிக்குத் தேர்தல் வைத்தார்கள். மூன்றாம் ஆண்டு மாணவர்கள் நிற்கலாம், துறை மாணவர்கள் எல்லோரும் ஓட்டுப் போடலாம். சுரேந்தர் பெயர் கொடுத்தான். சின்னமனூர்ப் பக்கம் திராட்சைத் தோட்டமும், லாரியும், கட்சிக்காரச் சித்தப்பாவும் உள்ள பையன். குரல் நன்றாக இருக்கும். கறுப்புச் சட்டை நான்கைந்து வைத்திருந்தான்.

அவனை எதிர்த்து யாரும் நிற்க மாட்டார்கள் என்று எல்லோரும் நினைத்திருந்தபோது, சுருளிப்பட்டியிலிருந்து வரும் மகேஸ்வரி எழுந்து நிரோஷன் பெயரைச் சொன்னாள். அவள் அம்மா ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் போகிறவர். மகேஸ்வரிக்கு மேடைப் பேச்சு வராது. ஆனால் மனதில் பட்டதைச் சொல்லாமல் இருக்கவும் வராது.

"மூணு வருசமா எல்லாருக்கும் படம் வரஞ்சு குடுத்திருக்கான். ஒரு தடவ அவன் பேர நாம எழுதுனா என்ன?" என்றாள்.

நிரோஷன் மறுக்கவில்லை. காது சிவந்து உட்கார்ந்திருந்தான். ஆசை இருந்தது அவனுக்கு. எந்தத் தாளிலும் அவன் பெயருக்கு நேராக இதுவரை வந்த ஒரே பதவி அகதி என்பதுதான்.

அன்று மாலையே வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. வாக்காளர் அட்டை இல்லாதவனுக்கு வாக்கா, சிந்திப்பீர் தோழர்களே. அனுப்பியவன் சுரேந்தரின் நண்பன். கீழே வரிசையாகச் சிரிக்கும் முகங்கள். மறுநாள் காலை அதே சுரேந்தர் நிரோஷனின் தோளில் கை போட்டுக்கொண்டு, நினைவு நாளில் நீதான் மச்சான் பேசணும் என்றான். வெள்ளிக்கிழமை நினைவு நாள். திங்கட்கிழமை தேர்தல்.

பஸ் நிறுத்தத்தில் நிரோஷனைப் பிடித்துக் கேட்டேன்.

"உனக்கு எதிரா மெசேஜ் போட்டுட்டு, அவன் மேடையில பேசக் கூப்பிடுறான். நீயும் சரின்னிருக்க. உனக்கு ரோஷமே கெடையாதா?"

"ரோஷமெல்லாம் இருக்கு மேடம்." பையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டான். "அம்மா கேட்டாக. அதான்."

"அம்மா என்ன கேட்டாங்க?"

"அவுகளுக்கு ஒரு அண்ணன். எனக்கு மாமா. படகுல இவுக எல்லாம் வந்தப்ப அவுக மட்டும் வரல, அங்கனயே நின்னுட்டாக. கடைசிச் சண்டையில காணாமப் போயிட்டாக. இருக்காகளா இல்லையான்னு ஒருத்தருக்கும் தெரியல. நாலு பேருக்கு முன்னால அந்தப் பேர ஒருக்காச் சொல்லிருடாங்கிறாக. அவ்வளவுதான் மேடம். வேற ஒண்ணும் வேணாமாம்."

பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டான்.

மௌன அஞ்சலி

வெள்ளிக்கிழமை கூடம் நிரம்பி வழிந்தது. எங்கு பார்த்தாலும் கறுப்புச் சட்டை. மேடையின் பின்னால் பெரிய திரையில் எரியும் குடிசைகளின் படம் ஓடிக்கொண்டிருந்தது. மெழுகுவர்த்தி ஏற்றுவதற்கு முன்னால் ஏந்திக்கொண்டும், ஏற்றிய பின்னால் ஏந்திக்கொண்டும் போட்டோ எடுத்தார்கள். காற்றில் அணைந்தபோது மறுபடி ஏற்றி மறுபடி எடுத்தார்கள். மேடை ஓரத்தில் ஒருவன் கீபோர்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சோகத்துக்கு வாடகைக்கு வந்தவன்.

நிரோஷனின் அம்மா வந்திருந்தார். கூட அவன் தங்கை தர்ஷினி, பள்ளிச் சீருடையில். கல்யாணப் புடவையாக இருக்க வேண்டும், மடிப்புக் கலையாத ஒரு நீலப் பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டு அம்மா கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"வாங்கோ ரீச்சர்" என்று, கூடம் தன் வீடு என்பதுபோல் நாற்காலியைத் துடைத்துவிட்டார். "இவ்வளவு சனம் வருமெண்டு நான் நினைக்கேல்லை."

துறைத் தலைவர் பேசினார். எங்கள் ரத்தம், எங்கள் ரத்தம் என்று மேசையைக் குத்தினார். அதற்கு முன் நிரோஷனின் பெயர் அவருக்குத் தெரியாது என்பதை, சுரேந்தர் காதில் சொல்ல அவர் தலையாட்டியதிலிருந்து தெரிந்துகொண்டேன்.

பிறகு நிரோஷன் வந்தான். ஒத்திகையில் சொல்லிக் கொடுத்த ஒரு வார்த்தையும் அவன் வாயில் வரவில்லை.

"வணக்கம். எம் பேரு நிரோஷன். நான் கம்பம் கவர்மென்ட் ஆஸ்பத்திரியில பொறந்தேன். கடலப் பாத்தது ஸ்கூல் டூர்ல ராமேஸ்வரம் போனப்பத்தான். அதுக்கும் முகாம்ல அனுமதி வாங்கிட்டுத்தான் போனேன். எனக்குச் சண்டையும் தெரியாது, குண்டும் தெரியாது. எனக்குத் தெரிஞ்சதெல்லாம் பேர் வாசிக்கும்போது உள்ளேன் ஐயான்னு சொல்றது."

கூட்டத்தில் யாரோ விசிலடித்தார்கள். சுரேந்தர் மேடை ஓரத்தில் நெற்றியில் கை வைத்தான்.

"எங்க அம்மா சொல்லச் சொன்னாக. அதச் சொல்லிட்டு எறங்கிர்றேன். அவுகளுக்கு ஒரு அண்ணன். கடைசிச் சண்டையில காணாமப் போயிட்டாக..."

சுரேந்தர் கையைத் தூக்கிக் காட்டினான். கண்ணீர் வரும் இடம் வந்ததும் இசையை ஏற்று என்று சொல்லி வைத்திருப்பான் போலிருக்கிறது. கீபோர்டுக்காரன் இரண்டு கையாலும் அழுத்தினான். கூடம் முழுவதும் அழுகை இசை நிரம்பியது. எல்லோரும் கைதட்டினார்கள். தமிழ் வாழ்க என்று பின்னாலிருந்து கோஷம். நிரோஷனின் உதடுகள் அசைவது தெரிந்தது. ஒருமுறை, பிறகு இன்னொரு முறை. குரல் கேட்கவில்லை.

அதற்குள் சுரேந்தர் மைக்கை வாங்கிவிட்டான்.

"பெயர் தெரியாத அந்த மாமாவுக்காக, அனைவரும் எழுந்து நின்று ஒரு நிமிட மௌன அஞ்சலி செலுத்துவோம்!"

எல்லோரும் தலை குனிந்து நின்றார்கள். நான் நிற்கவில்லை. பக்கத்தில் நிரோஷனின் அம்மாவும் எழுந்திருக்கவில்லை. கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணர் இருக்கிறாரோ இல்லையோ எண்டு எங்களுக்கே தெரியாது" என்றார் மெதுவாக. "இவையள் ஏன் எழும்பி நிக்கினம்?"

பிறகு என் பக்கம் திரும்பினார்.

"பேர் சொன்னவனோ ரீச்சர்? எனக்குக் கேக்கேல்லை."

"சொன்னான்மா. ரெண்டு தடவை சொன்னான்."

அவர் தலையாட்டினார். பக்கத்தில் தர்ஷினி அழவில்லை. அண்ணன் மேடையிலிருந்து இறங்கி வரும் வழியை யார் மறிக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். மறித்தார்கள். ஆளுக்கொரு போட்டோ. இரண்டு பெண்கள் எங்களிடமும் வந்து, அந்த அம்மாளின் தோளில் கை போட்டு செல்ஃபி எடுத்தார்கள். எல்லோரையும் போல அவரும் கேமராவைப் பார்த்துச் சிரித்தார்.

"சிரிக்காதீங்கம்மா" என்றாள் ஒருத்தி.

அனுதாபம் வேற

சனியும் ஞாயிறும் வகுப்பு முழுவதும் நிரோஷனின் படத்தை ஸ்டேட்டஸில் வைத்திருந்தது. உடைந்த இதயம், கூப்பிய கை. எனக்கே லேசாக நம்பிக்கை வந்துவிட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

திங்கட்கிழமை ஓட்டு எண்ணினோம். நிரோஷனுக்கு விழுந்தவற்றை எண்ண ஒரு கை விரல்கள் போதுமாக இருந்தன. சுரேந்தருக்கு மாலை போடத் தயாராக வெளியே வாங்கி வைத்திருந்தார்கள்.

மகேஸ்வரி பெஞ்சின்மேல் ஏறாத குறை.

"ஏலே, வெள்ளிக்கெழம அழுதீகளே, என்ன எழவுக்குடா அழுதீக? எங்காத்தா தெனமும் ஜீப்புல மல ஏறுது. மேல போனா பாண்டிச்சின்னு கூப்பிடுறாய்ங்க. வீட்டுக்கு வந்து சொல்லிச் சொல்லி அழும். உங்க வீட்டுலயும் ஒருத்தராவது அழுதுருப்பாகல்ல? அப்புறம் இங்கன உக்காந்து அதே வேலையத்தான பாக்குறீக!"

இரண்டாம் ஆண்டுப் பையன் ஒருவன் மட்டும், "அது வேற நாடுக்கா" என்றான். கேரளம் எந்த நாடு என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

நான் சுரேந்தரைப் பார்த்தேன். அவன் கொஞ்சமும் கூசாமல், மாலையைச் சரிசெய்துகொண்டே சொன்னான்.

"மேடம், அனுதாபம் வேற, நிர்வாகம் வேற."

இந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவன் பெரிய ஆளாக வருவான் என்று அன்று நினைத்தேன். வந்துவிட்டான். இப்போது ஊர்ச்சுவர்களில் அவன் முகம் கைகூப்பிக்கொண்டிருக்கிறது.

நிரோஷன் போய்க் கை கொடுத்து வாழ்த்துச் சொன்னான். சுரேந்தர் அவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "மன்றத் தொடக்க விழாவுக்கு மேடைப் படம் நீதான் மச்சான் வரையணும்" என்றான்.

"நான் வரையலடா."

"ஏன்டா?"

"வரையல."

அவ்வளவுதான் சொன்னான். கோபப்படவில்லை, காரணம் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு யாருக்கும் வரைபடம் வரைந்து கொடுக்கவும் இல்லை. அந்தப் பருவத்தில் மாணவர்கள் தாங்களே வரைந்து கொண்டுவந்த படங்களைத் திருத்திய பாக்கியம் எனக்குக் கிடைத்தது. சிலருடைய தாளில் இலங்கை அரபிக்கடலில் மிதந்துகொண்டிருந்தது. ஒருவன் அதை மறந்தே போயிருந்தான். கன்னியாகுமரிக்குக் கீழே வெறும் கடல். தொப்புள்கொடி எதோடு சேர்ந்திருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. சிவப்பு மையில் சுழித்து, மதிப்பெண்ணைக் குறைத்து, திருப்பிக் கொடுத்தேன்.

பருவத் தேர்வு வந்தபோது நிரோஷனுக்கு வருகைப் பதிவு குறைந்தது. எல்லாம் தணிக்கை நாட்கள். துறைத் தலைவரிடம் போய்ச் சொன்னேன். மேசையைக் குத்திய அதே கை பேனாவைச் சுழற்றிக்கொண்டிருந்தது.

"ரூல் இருக்கேம்மா. அவனுக்குன்னு தனியாவா ரூல் போட முடியும்?"

"எங்கள் ரத்தம்னு சொன்னீங்களே சார்."

"அது மேடை" என்றார். அவர் பொய் சொல்லவில்லை.

கௌரவ விரிவுரையாளருக்கு இழக்க என்ன இருக்கிறது? முதல்வர் அறை வாசலில் நானும் மகேஸ்வரியும் இரண்டு நாள் நின்றோம். முகாமிலிருந்து சான்று வாங்கி வரச் சொன்னார்கள். நிரோஷன் அலைந்து வாங்கி வந்தான். கடைசியில், நாங்கள் வாசலில் நிற்பது பார்வையாளர்களுக்கு நன்றாக இல்லை என்பதற்காகவோ என்னவோ, கையெழுத்துப் போட்டார்கள். தேர்வு எழுதினான், நல்ல மதிப்பெண்ணில் பட்டமும் வாங்கினான். குடியுரிமை இல்லாததால் அரசாங்க வேலைக்கு விண்ணப்பிக்கும் கதவு அவனுக்குத் திறக்காது. பெரியகுளத்தில் ஒரு பெயிண்ட் கடையில், கேட்ட நிறத்தைக் கலந்து தரும் மெஷினுக்கு இப்போது அவன்தான் பொறுப்பு. மாம்பழச் சீசனில் எனக்குப் பழம் கொண்டுவந்து தருவான். மாமாவைப் பற்றி இன்னும் செய்தி இல்லை.

தர்ஷினி

அடுத்த வருடம் ஜூன் மாதம் தர்ஷினி எங்கள் துறையிலேயே முதலாம் ஆண்டில் சேர்ந்தாள். அண்ணனின் முகம். அண்ணனின் சிரிப்பு மட்டும் கிடையாது. அகதி லீவு என்று ஒருவன் அவள் காதுபடச் சொன்னபோது, அவள் எழுந்துபோய் அவன் முன்னால் நின்று, "திருப்பிச் சொல்லு" என்றாள். அவன் திருப்பிச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு வேறு யாரும் சொல்லி நான் கேட்கவில்லை.

ஆடிக் காற்று தொடங்கியதும் மறுபடி நினைவு நாள் பேச்சு எழுந்தது. சுரேந்தர் படிப்பை முடித்துப் போய்விட்டான். அவனிடம் பயின்ற வாரிசுகள் இருந்தார்கள். இரண்டு பேர் வகுப்புக்கு வந்து, என் கண் முன்னாலேயே அவளிடம் பேசினார்கள்.

"போன வருசம் உங்கண்ணன் பேசுனதுல கூட்டமே அழுதுருச்சு. இந்த வருசம் நீ பேசணும் தங்கச்சி. பொம்பளப்புள்ள பேசுனா இன்னும் நல்லா இருக்கும்."

"என்ன பேசணும்?"

"உங்க கஷ்டத்தச் சொல்லு. அஞ்சு நிமிசம் போதும். நாங்க எழுதித் தர்றோம்."

சண்டை பிடிக்கும் குரலில் இல்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள் தர்ஷினி.

"கஷ்டமெல்லாம் வேணாம்ணே. நான் வரவேற்புரை சொல்றேன்."

"வரவேற்புரையா?"

"ஆமா. வெளியூர்ல இருந்தெல்லாம் ஆள் வருவாகல்ல? எங்க காலேஜுக்கு வர்றவுகள நான் வாங்கன்னு சொல்றேன். அப்புறம் போய்க் கீழ உக்காந்துக்கிறேன்."

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வரவேற்புரை வழக்கமாக மன்றச் செயலாளர் சொல்வது என்றான் ஒருவன். கேட்டுச் சொல்கிறோம் என்றான் மற்றவன். போனவர்கள் திரும்பி வரவில்லை.

அந்த வருடம் நினைவு நாள் நடக்கவில்லை. பழைய ஃபிளெக்ஸ் சைக்கிள் கொட்டகையின் ஒழுகும் கூரைக்குப் போயிற்று. துறைத் தலைவரிடம் ஏன் நிகழ்ச்சி இல்லை என்று கேட்டேன். ரொம்ப வருத்தமாக முகத்தை வைத்துக்கொண்டார்.

"நம்ம பிள்ளைக தயாராத்தாம்மா இருந்தாக. முகாம்காரவுக பக்கமிருந்து ஒத்துழைப்பு இல்ல."